ஞாயிறு சர்ச்சுக்கு, திங்கள் சந்தைக்கு

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று நம் மாணவர் சங்கச் செயலாளர் ஹாஸ்டல் மெஸ்ஸில் என்னை மடக்கியபோது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "காதல் கவிதை மட்டும் வேணாம்டா, ஏற்கனவே நாப்பத்தேழு வந்து கெடக்கு." நல்லவேளை, எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒரு வண்டியின் கதை. முன்பாதி கார், பின்பாதி லாரி. அப்படி ஒன்று ஒட்டன்சத்திரம் பக்கத்தில் எங்கள் மாமாவின் தோப்பில் நிற்கிறது. ஓடவில்லை, நிற்கிறது. அதில் இப்போது கோழிகள் அடைகின்றன.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. மாமாவுக்கு இரண்டு ஏக்கர் தக்காளி. விடியற்காலை மார்க்கெட்டுக்குப் பெட்டி போக வேண்டும். வாடகை வண்டிக்காரர் வந்தால் வருவார், வராவிட்டால் காய் வாடும். குட்டியானை வாங்கலாம் என்றால் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "அதுல எப்படிங்க ஒரு கல்யாணங்காச்சிக்குப் போயி எறங்குறது?" என்றார். அத்தை சொன்னதிலும் தப்பில்லை. ஒரு வீட்டில் ஒரு வண்டிதான் வாங்க முடியும் என்றால் அது காலையில் தக்காளியும் ஏற்ற வேண்டும், சாயங்காலம் பட்டுச் சேலையும் ஏற்ற வேண்டும்.

மாமா ஒரு யோசனை செய்தார். டாக்சியாக ஓடிக் களைத்த டீசல் அம்பாசடர் ஒன்றை மலிவாகப் பிடித்தார். ஊர்ப் பக்கத்து டிங்கரிங் பட்டறை ஒன்றில் விட்டார். அவர்கள் முன் சீட்டுக்குப் பின்னால் டாப்பைக் கேஸ் கட்டிங்கில் அறுத்தார்கள். பின் சீட்டு, பின் கதவு, டிக்கி மூடி எல்லாம் போயிற்று. நடுவில் ஒரு தகரத்தை நிறுத்திக் கேபினை அடைத்து, தரையில் செக்கர் பிளேட் போட்டு, ஓரத்துக்கு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்து, நீல பெயின்டும் அடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் ஏறி நின்று ஊரைச் சுற்றி வந்தோம். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

நாலு மாதம் ஓடியது. பதினைந்து கிலோப் பெட்டி நாற்பது ஏற்றுவார் மாமா. அதாவது 600 கிலோ. முதலில் ஒரு விசித்திரம் நடந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் எதிர்ப்பக்கத்துக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மாமா அதற்குக் கயிறு கட்டினார். பிறகு கேபின் முடிகிற மூலையில், மேல் விளிம்பில், பெயின்டில் ஒரு கோடு தெரிந்தது. பட்டறைக்காரர் அதன்மேல் வெல்டு அடித்தார். வெல்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு. ஒருநாள் விடியற்காலை, மார்க்கெட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, அந்தக் கோடு ஒரேயடியாகக் கீழே இறங்கிற்று. வண்டியின் வால் தரையைத் தொட்டது. தக்காளி ரோட்டில் ஓடியதை மாமா இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதோடு விடவில்லை விதி. ஆர்.சி. புத்தகத்தில் கார், ரோட்டில் நிற்பது லாரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு என்ற ஒன்று இருப்பது எங்கள் குடும்பத்துக்கு அன்றுதான் தெரிந்தது. வண்டியைத் தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வெட்டி ஒட்டக்கூடாது என்கிறது அது. அபராதம் கட்டி, வாடகை டிராக்டரில் இழுத்து வந்து தோப்பில் விட்டார். நான் ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்ததற்கு மதிப்பெண் ஒரு காரணம் என்றால் அந்த விரிசல் இன்னொரு காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் செமஸ்டரில் செமினாருக்குத் தலைப்பு கேட்டார்கள். வகுப்பில் பாதிப் பேர் எலெக்ட்ரிக் வண்டி, மீதிப் பேர் ஹைப்ரிட். நான் "காரிலிருந்து பிக்கப்" என்று எழுதிக் கொடுத்தேன். "என்னப்பா, உங்க மாமா வண்டியா?" என்று கேட்டார் சார். முதலாண்டில் நான் உளறியதை மறக்கவில்லை மனிதர்.

நூலகத்தில் தேட ஆரம்பித்ததும் எனக்குக் கிடைத்த முதல் அதிர்ச்சி: எங்கள் அத்தை சொன்னதையே தொண்ணூறு வருடத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில் ஒரு அம்மாள் சொல்லியிருக்கிறார்! விக்டோரியா மாநிலம், கிப்ஸ்லாந்து பகுதி. 1930-களின் தொடக்கம், உலகமெங்கும் பணமுடை. ஒரு விவசாயியின் மனைவி ஜீலாங் ஊரிலிருந்த ஃபோர்டு கம்பெனிக்குக் கடிதம் போட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நனையாமல் சர்ச்சுக்குப் போக வேண்டும், திங்கட்கிழமை அதே வண்டியில் பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், அப்படி ஒன்று செய்து கொடுங்கள் என்று. அந்த அம்மாள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. வண்டியை வரைந்தவர் பெயர் மட்டும் இருக்கிறது. லூ பேண்ட். அப்போது அவருக்கு இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது. நண்பர்களே, நம்மைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்.

அதற்கு முன்னாலும் அங்கே காரின் பின்னால் மரப்பெட்டி வைத்த வண்டிகள் உண்டு. ஆனால் முன்னால் துணிக் கூரை, பின்னால் தனிப்பெட்டி, இரண்டுக்கும் உறவே இல்லை. பேண்ட் செய்தது வேறு. ஃபோர்டு வி8 காரின் மூடிய கேபினை எடுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் வருகிற பக்கத் தகட்டை நிறுத்தாமல் அப்படியே வால்வரை இழுத்துவிட்டார். கேபின் எங்கே முடிகிறது, பெட்டி எங்கே தொடங்குகிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. சுமை 1,200 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 545 கிலோ. மாமாவின் நாற்பது பெட்டிக்கு ஏறக்குறைய சமம்! 1934-இல் உற்பத்தி தொடங்கியது. கூபே யுட்டிலிட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியர்கள் எதையும் சுருக்குவார்கள், 'யூட்' ஆயிற்று.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேண்டுக்கு ஒரு வசதி இருந்தது, எங்கள் பட்டறைக்காரருக்கு இல்லை. 1934 ஃபோர்டில் கீழே தனிச் சேஸி உண்டு. சுமையைத் தாங்குவது சேஸி, உடல் அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசடர் அப்படியல்ல. அது மானோகாக். உடலே சேஸி. டாப்பு, தூண், பின் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் தகடு, தரை எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டியாக நின்று தாங்குகிறது.

செமினாரில் இதைக் காட்டச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுபோனேன். நீங்களும் செய்து பாருங்கள். மூடியை நாலு பக்கமும் ஒட்டிவிட்டு முறுக்கினால் பெட்டி எதிர்க்கும். மூடியைப் பிய்த்துவிட்டு முறுக்கினால் துணி பிழிகிற மாதிரி வளைந்து கொடுக்கும். மாமாவின் கதவு ஏன் தானாகத் திறந்தது என்பது அவ்வளவுதான். முறுக்கு.

விரிசல் வேறு கணக்கு. நம் எஸ்.ஓ.எம். பாடத்தில் கான்டிலீவர் போட்டுப் போட்டுக் கை வலித்ததே, அதேதான். பெட்டிகளில் முக்கால்வாசி பின் அச்சுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. வால் கீழே இழுக்கும். அப்போது மேல் விளிம்பில் இழுவிசை. உயரமான கேபின் சட்டென்று முடிந்து தாழ்வான பெட்டி தொடங்குகிற அந்தக் கூர்மையான மூலையில் விசை முழுவதும் வந்து குவியும். அங்கே அறுத்த இடத்தைத் தேய்த்துக்கூட விடாமல் ஆங்கிளை வைத்து ஒட்டியிருந்தார்கள். விரிசல் வேறெங்கு போகும்? வாங்கிய மதிப்பெண் 14-ஆக இருந்தாலும் அந்த மூலையில் வரும் விசையைப் படம் போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. அன்று வண்டி விடியற்காலை ஆளில்லாத ரோட்டில் உடைந்தது. சாயங்காலம் அத்தையும் நாங்களும் பின்னால் உட்கார்ந்திருந்தபோது உடைந்திருந்தால்?

அமெரிக்காக்காரர்கள் இந்த வண்டியை இருபது வருடம் கழித்துத்தான் கையில் எடுத்தார்கள். 1957 மாடலாக ஃபோர்டின் ராஞ்செரோ. அதைப் பார்த்து 1959-இல் செவர்லேயின் எல் கமினோ. இரண்டும் ஸ்டேஷன் வேகனை அறுத்துச் செய்தவை. எல் கமினோவின் பெட்டித் தரையைக் கழற்றினால் அடியில் வேகனின் தரை அப்படியே இருக்குமாம். பின்னால் விமானம் மாதிரி இறக்கை, நீளமோ ஒரு தெரு. முதல் வருடம் 22,246 விற்றது. மறுவருடமே சுமார் 14 ஆயிரத்துக்கு இறங்கியது, கம்பெனி நிறுத்திவிட்டது. 1964-இல் சிறிய செவெல் காரின்மேல் மறுபடி கொண்டுவந்தபிறகுதான் 1987 வரை நின்றது. அதில் பன்றி ஏற்றியவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். பெரிய என்ஜின் போட்டு வேகம் பார்க்கத்தான் வாங்கினார்கள்.

ஆனால் செமினாரில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தது சுபாரு பிராட் வண்டிக்குத்தான். ஜப்பான் வண்டி, சுபாரு லியோன் காரிலிருந்து செய்தது, நாலு சக்கர டிரைவ், 1978 மாடலாக அமெரிக்காவில் இறங்கியது. பெட்டிக்குள்ளே பின்னோக்கிப் பார்க்கும்படி இரண்டு பிளாஸ்டிக் சீட்டு! பிடித்துக்கொள்ளக் கைப்பிடி! இது யாருடைய வசதிக்கு என்று கேட்டால், சுங்கத்துக்கு. 1960-களில் அமெரிக்கக் கோழிக்கறிக்கு மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் வரி போட, பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் சில சரக்குகள்மேல் வரி போட்டார். அதில் வெளிநாட்டு லைட் டிரக்கும் ஒன்று, 25 சதவீதம். கோழி வரி என்றே அதற்குப் பெயர். மற்ற பொருள்களுக்கு வரி போய்விட்டது, டிரக்குக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது. காருக்கோ அப்போது வரி மிகக் குறைவு. பின்னால் சீட்டு இருந்தால் அது பயணிகள் வண்டி, சரக்கு வண்டி அல்ல. ஆக, டிரக்கைக் காராகக் காட்ட இரண்டு சீட்டு! எங்கள் மாமா காரை டிரக்காக்கி மாட்டிக்கொண்டார். சுபாருவுக்கு இருந்த வக்கீல் மாமாவுக்கு இல்லை.

பிராட் அமெரிக்காவில் 1987 வரை வந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்டு ரீகன் தன் கலிஃபோர்னியா பண்ணையில் ஒன்று வைத்திருந்தார். பிறந்த நாடான ஜப்பானில் அது விற்கப்படவே இல்லை என்பது இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரேலியாவில் பிரம்பி என்ற பெயரில் போயிற்று. அங்கே அது வேலை செய்தது, பண்ணைகளில்.

பிராட் சம்பாதித்த பெயரை நம்பி அதே சுபாரு 2002-இல் பாஹா என்று ஒன்றை இறக்கியது. இதை நான் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். அமெரிக்காவில், இண்டியானா மாநிலம் லஃபாயெட்டில் செய்த வண்டி, அதனால் கோழி வரித் தொல்லை இல்லை. லெகசி காரின் உடல், நாலு கதவு, நாலு சீட்டு, மஞ்சளும் வெள்ளியும் கலந்த பெயின்ட், சுற்றிலும் பிளாஸ்டிக் கவசம். எல்லாம் இருந்தது, பெட்டிதான் இல்லை! நீளம் 41.5 அங்குலம். ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பின் சீட்டை மடக்கி நடுக்கதவைத் திறந்தால் நீளமான பொருளை உள்ளே விடலாம். அப்படி விட்டால் பின்னால் ஆள் உட்கார முடியாது. ஞாயிறும் திங்களும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று யாருமே யோசிக்கவில்லை போலும். வருடத்துக்கு 24 ஆயிரம் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2006-இல் கடையை மூடும்போது மொத்தமே சுமார் 30 ஆயிரம். "ஸ்டைல் நல்லாத்தானே இருக்கு?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஸ்டைலுக்கு வாங்குகிறவனுக்கு வேறு ஆயிரம் வண்டி இருக்கிறது தம்பி. எந்த அம்மாளும் கடிதம் போடாமல் வரைந்த வண்டி அது.

இனி என் விரிசலுக்குத் திரும்புகிறேன். அந்த மூலையை ஒழுங்காகக் கையாண்ட ஒரு மானோகாக் பிக்கப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தது: 2005-இல் வந்த ஹோண்டா ரிட்ஜ்லைன். கேபின் மேலிருந்து பெட்டியின் பக்கச் சுவருக்கு ஒரு தகடு சரிவாக இறங்கும், கோயில் மதிலுக்கு அண்டைச் சுவர் கொடுத்த மாதிரி. தரைக்கடியில் மூடிய பெட்டிக் குறுக்கங்களும் ஏழு குறுக்குச் சட்டங்களும். டாப்பு போனதால் போன பலத்தைத் தரையிலும் அந்தச் சரிவிலும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் "அடடா, இங்கேதானே மாமாவுக்கு விட்டது!" என்று நூலகத்தில் கத்திவிட்டேன். நூலகர் வெளியே போகச் சொன்னார்.

ஆனால் அமெரிக்கச் சந்தை அந்தச் சரிவை ரசிக்கவில்லை. அது டிரக் மாதிரி இல்லை என்றார்கள். கேபின் தனி, பெட்டி தனி, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அதுதான் அவர்கள் கண்ணுக்கு நிஜ டிரக். 2006-இல் 50 ஆயிரம் விற்ற ரிட்ஜ்லைன் 2011-இல் 10 ஆயிரத்துக்கும் கீழே போனது. 2016-இல் வந்த அடுத்த ரிட்ஜ்லைனில் சரிவு போயிற்று, பக்கச் சுவர் நேராயிற்று, கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கோடும் வந்தது. உள்ளே உடல் ஒன்றுதான். கோடு வெறும் தோற்றத்துக்கு. இதைப் படித்தபோது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல. எங்கள் வண்டியில் அந்த இடத்தில் கோடு விழுந்ததற்காக மாமா ஆறு மாதம் கடன் கட்டினார். இவர்களோ கோடு இல்லையே என்று வண்டியை வேண்டாம் என்கிறார்கள்!

பிரேசில்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ஃபியட் ஸ்ட்ராடா 1998-இலிருந்து அங்கே ஓடுகிறது. சிறிய காரின் முகம், முன் சக்கர டிரைவ், பின்னால் மட்டும் காரின் சஸ்பென்ஷனை வைக்காமல் நம் பழைய ஸ்பிரிங் பட்டை. சுமை சுமார் 700 கிலோ. 2021-இல் பிரேசிலில் எல்லாக் கார்களையும் தாண்டி அதிகம் விற்ற வண்டி அதுதான். அமெரிக்காவில்கூட அதே வருடம் ஃபோர்டு மேவரிக் 20 ஆயிரம் டாலருக்கு ஐந்து டாலர் குறைவான அறிமுக விலையில் வந்தது. மானோகாக்தான், அடிப்படை மாடலிலேயே ஹைப்ரிட், பெட்டி நாலரை அடி. ஆர்டர் குவிந்து 2022 ஜனவரியில் அந்த வருட மாடலுக்கு முன்பதிவை நிறுத்தும்படி ஆயிற்று. விலை பின்னால் ஏறிவிட்டது, அது வேறு கதை.

யூட் பிறந்த நாட்டிலோ யூட் இல்லை. ஃபோர்டு தன் கடைசி ஃபால்கன் யூட்டை 2016 ஜூலையில் செய்தது. ஹோல்டன் தொழிற்சாலை 2017 அக்டோபர் 20-ஆம் தேதி மூடப்பட்டது. சேஸி மேல் கட்டிய தாய்லாந்து பிக்கப்புகள், நாலு கதவு, ஒரு டன் சுமையோடு வரியில்லாமல் வந்து இறங்கின. விவசாயி அந்தப் பக்கம் போய்விட்டார். அவற்றையும் அங்கே யூட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். லூ பேண்ட் இதைப் பார்க்கவில்லை. 1987-இல், தானே பழுதுபார்த்து வைத்திருந்த 1934 யூட்டை ஓட்டிச் சென்றபோது விபத்தில் இறந்துபோனார். செமினாரில் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. சார் தண்ணீர் கொடுத்தார். மதிப்பெண் 18.

பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது செமினார் பேப்பரைக் கையோடு கொண்டுபோனேன். தோப்பில் கோழிகளை விரட்டிவிட்டு, நூலும் ஸ்கேலும் வைத்து அந்த மூலையை அளந்தேன். மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். கேபின் மேலிருந்து பெட்டிச் சுவருக்குச் சரிவாக ஒரு தகடு, தரைக்கடியில் முன் தடுப்பிலிருந்து பின் ஸ்பிரிங் மாட்டுமிடம்வரை இரண்டு பக்கமும் மூடிய பெட்டிச் சட்டம், மூலையில் கூர்மை இல்லாமல் வளைவு. கேபின் தகரத்திலேயே சாக்பீஸால் போட்டுக் காட்டினேன்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்ல மாப்ளே?"

"அப்ப நான் ஏழாவது மாமா."

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். அவர் இப்போது ஓட்டுவது குட்டியானை. விசேஷத்துக்கு அத்தை பஸ்ஸில்தான் போகிறார். 52-ஆவது பிரிவும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, இந்த வண்டியை இனி யாரும் ரோட்டில் இறக்கப் போவதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"இவ்வளவு இரும்பு வச்சா எடை எவ்வளவு கூடும்?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். "அறுபது கிலோ வரும் மாமா."

"அப்ப நாலு பெட்டி கம்மியாத்தான் ஏத்தணும்" என்றார். சாக்பீஸை வாங்கி, பெட்டிக்குள் இருந்த படத்தில் பின் அச்சுக்குப் பின்னால் நாலு கட்டத்தை அடித்துவிட்டு, மிச்சத்தை முன்னால் தள்ளி வரைந்தார்.